ஓடுகிற மெஷினின் விலை

மாமா பட்டறையை மூடுவது என்று முடிவானதும் முதலில் போனது லேத். சொல்லி வாய் மூடுவதற்குள் ஆள் வந்துவிட்டார். அடுத்து டிரில்லிங் மெஷின், பவர் ஹேக்ஸா, வெல்டிங் செட், பெஞ்ச் வைஸ் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஐந்தடி லேத் என்ன விலைக்குப் போகும் என்று கோவை கணபதியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கடைசிவரை போகாமல் நின்றது, இரும்பைச் சமதளமாகத் தீட்டும் சர்ஃபேஸ் கிரைண்டர்.

"நீதான மாப்ளே கம்பெனியில வெலை பேசற வேலை பாக்கற. இதை ஒரு நல்ல வெலைக்கு முடிச்சுக் குடு" என்றார் மாமா.

நான் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். விலை பேசுவதுதான் தொழில் என்றாலும் அடித்துப் பேசித்தான் பழக்கம். கூட்டிப் பேசிப் பழக்கமில்லை. பாலிடெக்னிக் படித்த காலத்தில் விடுமுறை முழுக்க மாமா பட்டறையில்தான் கிடந்தேன். அந்த கிரைண்டரில் கை வைத்திருக்கிறேன், வீலின் முகத்தைச் சீராக்கி டிரெஸ் பண்ணியிருக்கிறேன். ஆனாலும் அது என்ன பெறும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

கணபதிக்கும் மெஷினுக்குமான பந்தம் பழையது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்ததாகக் கோவையில் பெருமையாகச் சொல்வார்கள். பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் இருந்த இடம் கணபதி. பெரிய கம்பெனிகளில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து பக்கத்துத் தெருவில் ஒரு லேத்தைப் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த தெருவில் உட்கார்ந்தார்கள். மாமா அப்படி மூன்றாவது தலைமுறை. பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் கம்பெனிகளுக்கு பஞ்ச், டை செய்வதும் பழையவற்றைத் தீட்டிக் கொடுப்பதும் அவர் வேலை.

மூடியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சின்னக் காரணங்கள் பல. முழங்கால் வலி. மகன்கள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம் என்றிருந்த ஜிஎஸ்டி 2019 அக்டோபரில் 12 ஆனபோது தெருவே கொஞ்சம் மூச்சு விட்டது. அதற்கடுத்த வருடம் கொரோனா. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் நிலைக்கட்டணமும் ஏறின. ஆனால் ஜாப் ஒர்க் கூலி ஏறவில்லை. "வலிச்சுக்கிட்டு நின்னு சம்பாரிச்சு வாடகைக்கும் கரண்டுக்கும் குடுக்கறதுக்கு, உக்காந்துட்டுப் போலாம்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை.

மெஷின் பட்டாலாவில் செய்தது. பஞ்சாபின் அந்த ஊர், லேத்துக்கும் ஷேப்பருக்கும் கிரைண்டருக்கும் நாடு முழுக்கப் பேர் பெற்றது. டேபிளைக் கையால் சக்கரம் சுற்றித்தான் ஓட்ட வேண்டும்; ஹைட்ராலிக் கிடையாது. ஜாப்பைக் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் மேக்னடிக் சக் 18 அங்குலத்துக்கு 6 அங்குலம். ஒரு ஹெச்.பி. மோட்டார், த்ரீ பேஸ். 200 மி.மீ. வீல், நிமிடத்துக்கு 2800 சுற்று. அந்தச் சுற்றில் வீலின் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஹெச்.எம்.டி., பிராகா என்று பெயர்ப்பலகை இருந்தால் விலை பேசும்போதே எதிராளியின் குரல் கொஞ்சம் இறங்கும். எங்கள் மெஷினில் இருந்த பலகையில் எழுத்தே பாதி அழிந்திருந்தது.

முதலில் இரண்டு எல்லைகளைப் பிடித்தேன். கீழ் எல்லை, எடைக்குப் போட்டால் என்ன வரும் என்பது. மெஷின் அறுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பழைய வார்ப்பிரும்பு அப்போது கிலோ முப்பது ரூபாயை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரில் உள்ள செம்பையும் சேர்த்தால் இருபதாயிரம் சொச்சம். எவ்வளவு மோசமாகப் பேசினாலும் இதற்குக் கீழே யாரும் இறங்க முடியாது. மேல் எல்லை, இதே அளவில் புது மெஷின் வாங்கினால் என்ன ஆகும் என்பது. எங்கள் கம்பெனிக்குக் கேட்பதுபோல ஒரு கொட்டேஷன் வாங்கினேன். ஒன்றே முக்கால் லட்சம், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் லாரி வாடகை. இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

ஆக இருபதாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவில் எங்கோ நம் மெஷினின் விலை இருக்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளி லேத்துக்குக் கிடையாது. காரணம் யோசித்தபோதுதான் புரிந்தது: லேத்தின் தேய்மானம் ஓரளவு கண்ணுக்கும் கைக்கும் தெரியும். கிரைண்டர் வேலை செய்வது மைக்ரானில். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே ஐம்பது, எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும். ஐந்து மைக்ரானுக்குள் அடிக்கிற கிரைண்டரும் முப்பது மைக்ரான் தவறுகிற கிரைண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்று டூல் ரூமுக்குப் போகும். மற்றது உக்கடத்துப் பழைய இரும்புக்குப் போகும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாதவரை அவர் இரண்டாவது விலையைத்தான் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை.

"நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க மாமா?" என்று கேட்டேன்.

"அதை எதுக்குக் கேக்கற? அன்னைக்கு அந்தக் காசுக்கு இது சம்பாரிச்சுக் குடுத்துருச்சு. அந்தக் கணக்கு முடிஞ்சுது."

எங்கள் கம்பெனியில் பழைய சாமான் விற்கும்போதெல்லாம் 'வாங்கிய விலை, தேய்மானம், புத்தக மதிப்பு' என்று ஒரு தாள் சுற்றுக்கு வரும். மாமா அந்தத் தாளை ஒரே பேச்சில் கிழித்துப் போட்டார். வாங்குகிறவருக்கு நாம் கொடுத்த காசு ஒரு பொருட்டே இல்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை காலையில் இதில் நான் என்ன வேலை எடுக்க முடியும்?

அந்தக் கேள்வியை வைத்து மூன்றாவதாக ஒரு கணக்குப் போட்டேன். வெளியே சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்கு மணிக்கு 250 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடினால் ஆயிரம்; மாதம் 25 நாள் என்றால் 25 ஆயிரம். ஆள் கூலி, வீல், கரண்ட் எல்லாம் போகப் பத்தாயிரம் நின்றால்கூட, ஒரு லட்சம் கொடுத்து வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் போட்டதை எடுத்துவிடலாம். சொல்லும் விலை 1,05,000 என்று வைத்தோம். தொண்ணூறுக்குப் போனால் சந்தோஷம், எண்பதுக்குக் கீழே பேச்சில்லை.

அடுத்து, பெயின்ட் அடிப்பதா வேண்டாமா என்ற விவாதம். பட்டி பார்த்து இளம்பச்சை அடித்துவிட்டால் புதுசுபோல இருக்கும் என்றேன். மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பெயின்ட் அடிச்ச பழைய மெஷினைப் பாத்தா எனக்கே மொதல்ல சந்தேகந்தான் வரும். எண்ணெய் வடிஞ்ச தடம் அப்படியே இருக்கட்டும். எங்க வடியுது, எங்க வடியலைன்னு பாக்கத் தெரிஞ்சவன் பாத்துக்குவான்."

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது மட்டும்தான். டேபிள் நகரும் ஸ்லைடு மேலே மூடியிருந்த ரெக்சினைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே தூசி அதிகமில்லை. கிரைண்டர்களைக் கொல்வது வயதல்ல; வீலிலிருந்தும் ஜாப்பிலிருந்தும் உதிர்கிற தூள். அது எண்ணெயோடு சேர்ந்து ஸ்லைடுக்குள் புகுந்தால் இரும்பை அரைத்துக்கொண்டே இருக்கும். மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய பஸ் சீட்டு ரெக்சின் வாங்கி, மடித்துத் தைத்து, ஸ்லைடுக்கு மாட்டுவார். தினமும் காலையில் எண்ணெய் பம்பை இரண்டு முறை இழுக்காமல் மெஷினைத் தொடவிட மாட்டார். ஆனால் இந்தக் கவனிப்புக்கெல்லாம் பில் கிடையாது. வாங்குகிறவருக்கு அதை எப்படிக் காட்டுவது?

ஓட்டித்தான் காட்ட வேண்டும். ஓட்டுவதற்குக் கரண்ட் வேண்டும்.

எங்களுக்கிருந்த உண்மையான நெருக்கடி இதுதான். கட்டடம் வாடகை. மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பேரில். அவர் ஒரு குடோனுக்கு இடத்தைப் பேசி வைத்திருந்தார். மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னார். மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் மாமா வீட்டுப் போர்டிகோவில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்பது அத்தையின் யோசனை. வாடகை மிச்சம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் சிங்கிள் பேஸ். போர்டிகோவுக்குப் போன நிமிடத்திலிருந்து அது ஓடாத மெஷின். "நல்லா ஓடிட்டு இருந்துதுங்க" என்று இறந்தகாலத்தில் சொல்கிற மெஷினுக்கு யாரும் மெஷின் விலை கொடுப்பதில்லை. எடையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

வேறொரு சங்கடமும் இருந்தது. அப்போது ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்தால் புதிதாகத் தொழில் போடுகிறவர்கள் மெஷின் எடுக்க மாட்டார்கள். பார்ப்பார்கள், பேசுவார்கள், "ஆவணியில பாத்துக்கலாமுங்க" என்று போய்விடுவார்கள். அதனால் கட்டட உரிமையாளரைப் பார்த்துப் பேசினோம். ஆடி முடிந்து ஆவணி முதல் வாரம்வரை இடத்தை விட்டுத்தருகிறேன், வாடகை மாதம் 5,500, கரண்ட் பில் தனி என்றார். அத்தைக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஒத்தை மெஷினுக்கு ரெண்டு மாச வாடகையா?" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்டார். மாமா பதில் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

ஆடிக்குத் தயங்காமல் வந்தவர்கள் வியாபாரிகள்தான். முதலில் வந்தவர் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுவிட்சைப் போடச் சொல்லவில்லை. அடியில் குனிந்து காலைப் பார்த்தார்.

"ஏனுங்க, எடை என்ன வருமுங்க?"

"எடை போட்டு வாங்கறதுன்னா தராசு வெச்சிருக்கற எடத்துக்குப் போங்க" என்றார் மாமா.

வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு இது தினசரிப் பேச்சு. "முப்பத்தாறு தரலாமுங்க. இப்பவே பணம், நாளைக்கே வண்டி. எனக்கும் நாலு மாசம் கெடக்கும், பெயின்ட்டுக் காசு இருக்குது" என்றார். பர்ச்சேஸ் ஆளான எனக்கு அவர் நியாயம் புரிந்தது. அவர் ஓட்டிக் காட்டப்போவதில்லை. குடோனில் வரிசையாக நிறுத்தி விற்பவர். ஓடாத மெஷினின் விலைக்கு வாங்கி ஓடாத மெஷினாகவே விற்றாக வேண்டும். தரகர் ஒருவர் வந்தார். ஆள் கூட்டி வருகிறேன், இரண்டு பக்கமும் இரண்டு சதவீதம் என்றார். அவர் கூட்டி வந்தவர் மரப் பட்டறைக்காரர். இழைப்பு மெஷின் பிளேடு தீட்ட வேண்டும் என்றார். பிளேடின் நீளம் எங்கள் சக்கைவிட அதிகம். "இது உங்களுக்கு ஆகாதுங்க" என்று மாமாவே அனுப்பிவிட்டார். தரகர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமாவை வீட்டுல உக்கார வெச்சுட்டு நீங்க பேசுங்க தம்பி" என்றார்.

நல்ல பையன் ஒருவனும் வந்தான். கடனில் தொழில் தொடங்குகிறவன். மெஷின் பிடித்திருந்தது, விலையும் பிடித்திருந்தது. ஆனால் அவனுடைய பேங்க் ஜிஎஸ்டி பில் கேட்டது. மாமாவின் வரவு வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழேதான், பதிவே எடுக்கவில்லை. லெட்டர்ஹெட்டில் மெஷின் நம்பரும் தொகையும் எழுதி ரசீது தரலாம். வரி போட்ட பில் தர முடியாது. அவனுக்குப் புது மெஷின் இரண்டு லட்சமானாலும் கடனில் அடங்கும். இது ஒரு லட்சமானாலும் கையிலிருந்து போட வேண்டும். பழைய மெஷினை வாங்குகிறவர் பெரும்பாலும் கையில் ரொக்கம் சேர்த்து வைத்திருப்பவர் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ரொக்கம் சேர்த்தவர் அவசரப்பட மாட்டார்.

அப்படி ஒருவர் ஆடிக் கடைசியில் போன் செய்தார். குறிச்சிப் பக்கம். ஒரு கம்பெனி டூல் ரூமில் பல வருடம் ஃபோர்மேனாக இருந்து வெளியே வந்தவர். மகனுக்காகப் பட்டறை போடுகிறார். விலையைக் கேட்கவில்லை. என்ன ஜாப் ஓட்டினீர்கள் என்று கேட்டார். நான் போனை மாமாவிடம் கொடுத்தேன்.

"அம்பது, அறுபது மில்லிமீட்டர் பஞ்சு, டை பிளேட்டு, அதுதாந் தம்பி ஓடுச்சு. சின்ன ஜாப்புக்கு இன்னைக்கும் சொன்னபடி அடிக்கும். நீள ஜாப்புக்கு நம்பாதீங்க. முன்னூறு மில்லிமீட்டர்ல பத்து, பன்னெண்டு மைக்ரான் நடுவுல வித்தியாசம் வரும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு வரதுன்னா வாங்க."

எனக்குத் திக்கென்றது. நாங்கள் கம்பெனியில் ஒரு சாமான் விற்றால் குறையைப் பற்றிக் கேட்டால்கூட 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொள்வோம். மாமாவோ, அவர் கேட்பதற்கு முன்பே சொல்கிறார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழமை வர்றேனுங்கண்ணா. நா வர்ற வரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது. "வாங்கற ஆளு இவருதான்" என்றார்.

ஓட்டாதீர்கள் என்று சொன்னதன் பொருள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. வீலைச் சுழற்றும் ஸ்பிண்டில் காலையிலிருந்து ஓடிச் சூடாகியிருந்தால் பேரிங் சத்தம் அமுங்கிவிடும். ஆறிக் கிடக்கும்போது போட்டால்தான் உள்ளதைச் சொல்லும். அவர் வந்ததும் ஸ்பிண்டில் மேலே கையை வைத்து ஜில்லென்று இருப்பதைப் பார்த்துக்கொண்டார். வீலைக் கழற்றச் சொன்னார். பையிலிருந்து லீவர் டயலை எடுத்து ஸ்பிண்டில் முனையில் வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். ஒரு கோடு இரண்டு மைக்ரான் காட்டும் டயல். முள் ஒரு கோட்டைத் தாண்டி இரண்டாவதை எட்டாமல் நின்றது. வீலை மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஸ்பிண்டில் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அணைத்தார். வீல் தானாகச் சுற்றி நிற்கும்வரை வாய்க்குள் எண்ணினார். மறுபடி போட்டு, "ஓடட்டுமுங்க" என்று விட்டுவிட்டு டீ குடிக்க வெளியே வந்தார். அரை மணி கழித்துத் திரும்பக் கை வைத்துச் சூடு பார்த்தார்.

அதற்குள் அவருடைய மகன் ஒரு வேலை செய்தான். காந்த ஸ்டாண்டை வீல் கார்டில் ஒட்டி, டயலைச் சக் மேலே வைத்து, டேபிளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினான். முள் அசையவே இல்லை. "அப்பா, சைபர்ப்பா. ஒண்ணுமே இல்ல" என்றான். எனக்கு வாயெல்லாம் பல். விலையைக் கொஞ்சம் ஏற்றலாமா என்றுகூடத் தோன்றியது.

ஃபோர்மேன் சிரித்தார். "சக்கை இதே மெஷின்லதான கிரைண்டிங் அடிச்சு வெச்சிருக்காங்க. பெட்டு எப்படிப் போகுதோ அப்படியேதான் சக்கும் வெட்டிருக்கும். முள்ளு எப்படிடா ஆடும்?"

இத்தனை வருடம் அந்தப் பட்டறையில் புழங்கியும் எனக்கு இது உறைத்ததில்லை. ஸ்லைடு வளைந்து தேய்ந்திருந்தால் டேபிள் அந்த வளைவிலேயே போகும். அந்த மெஷினிலேயே அடித்த சக்கிலும் அதே வளைவு பதிந்திருக்கும். டயலுக்கு இரண்டும் சேர்ந்து நேராகத் தெரியும். மெஷின் தனக்குத் தானே சாட்சி சொல்கிற சோதனை அது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அவர் அதைக் கொண்டுவந்திருந்தார். எண்ணெய்த் துணியைப் பிரித்து ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜை, துல்லியமாக நேராக்கிய பட்டையை, எடுத்தார். சக்கின் காந்தத்தை அணைத்துவிட்டு, ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகளை வைத்து, அதன்மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜைப் படுக்க வைத்தார். ஒரு பக்கம் மெல்லிய தகடு கொடுத்து இரு முனையையும் சைபருக்குக் கொண்டுவந்தார். பிறகு டேபிளை மெதுவாக ஓட்டினார். நான்கு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவுக்கு வரும்போது ஆறு கோடு நகர்ந்திருந்தது. பன்னிரண்டு மைக்ரான்.

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் சோதித்த விதம் மாறிவிட்டது. எண்ணெய் பம்ப் வேலை செய்கிறதா என்று மாமாவைக் கேட்டார். செய்கிறது என்றார் மாமா. அவர் இழுத்துப் பார்க்கவில்லை. மோட்டார் எப்போது ரீவைண்டிங் செய்தது என்று கேட்டார், செய்ததே இல்லை என்றார் மாமா, அவர் தலையாட்டினார். போனில் சொன்ன ஒரு குறை டயலில் சொன்னபடியே வந்ததால், மாமாவின் மற்ற சொற்களுக்கு டயல் தேவைப்படாமல் போயிற்று. அதே பன்னிரண்டு மைக்ரானை அவராகக் கண்டுபிடித்திருந்தால் கதை வேறு. இன்னும் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் மீதி நேரம் முழுக்கத் தேடியிருப்பார்.

கடைசியாகத் தன் ஜாப்பையே ஓட்டினார். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்த ஓ.எச்.என்.எஸ். டூல் ஸ்டீல் பிளேட் ஒன்று, உள்ளங்கை அளவு. டைமண்டால் வீலை டிரெஸ் செய்தார். பத்து மைக்ரான் இறக்கி ஓட்டினார். பொறி சீராக ஒரே பக்கம் பறந்தது. கடைசியில் வெட்டு கொடுக்காமல் பொறி அடங்கும்வரை ஓட்டிவிட்டு எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து அலை வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். மைக்ரோமீட்டரில் நான்கு மூலை. அதிகபட்ச வித்தியாசம் இரண்டு மைக்ரான். பிளேட்டை மகன் கையில் கொடுத்தார். அவன் அதைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பேரம் தரையில் உட்கார்ந்துதான் நடந்தது. நாற்காலிகளை ஏற்கெனவே விற்றிருந்தோம்.

"எழுபத்தஞ்சு தரலாமுங்கண்ணா" என்றார். "பெட்டை ஸ்கிரேப்பிங் பண்ணோணும். அதுக்கு இப்ப ஆளு இல்ல. இருக்கற ஒருத்தரு ரெண்டு பேரும் இருவத்தஞ்சுக்குக் கொறையாமக் கேப்பாங்க."

தேய்ந்த ஸ்லைடைக் கையால் சுரண்டிச் சமன் செய்வதுதான் ஸ்கிரேப்பிங். நியாயமான வாதம். நானாக இருந்தால் பாதிக்குப் பாதி என்று இறங்கியிருப்பேன். மாமா அவசரப்படவில்லை.

"நீங்க என்ன ஜாப் ஓட்டப் போறீங்க தம்பி?"

"பஞ்சு, டைதானுங்க."

"அப்ப நீங்க ஸ்கிரேப்பிங் பண்ணப் போறதில்ல. அறுவது மில்லிமீட்டர்ல இந்தப் பன்னெண்டு மைக்ரான் அரை மைக்ரானுக்குக் கூட வராது. நீங்களே இப்பப் பாத்துட்டீங்க. பண்ணாத வேலைக்கு நா எதுக்குக் காசு குடுக்கோணும்?"

ஃபோர்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பத்தாயிரம் ரூபாய் பெறும். எண்பத்தைந்து என்றார். நாங்கள் அதற்குள் தொண்ணூற்றைந்துக்கு இறங்கியிருந்தோம். இந்த இடத்தில்தான் மாமா மேஜை அறையைத் திறந்தார். அதுவரை சாமான் எதையும் வெளியே காட்ட விடவில்லை. இரண்டு உபரி வீல் பிளேஞ்ச், டைமண்ட் டிரெஸ்ஸர், டீமேக்னடைசர், ஒரு சைன் வைஸ். பிளேஞ்ச்தான் முக்கியம். வெவ்வேறு வீல்களை பேலன்ஸ் செய்து தனித்தனி பிளேஞ்சில் மாட்டி வைத்துக்கொண்டால் வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். ஒற்றை பிளேஞ்ச் என்றால் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டி மறுபடி டிரெஸ் செய்ய வேண்டும். வெளியே செய்யக் கொடுத்தால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் ஆகும். பழைய வீல்கள் நாலைந்து கிடந்தன. அவற்றை மட்டும் மாமா உடைத்துக் குப்பையில் போட்டிருந்தார். எத்தனை வருடம் எந்தத் தரையில் கிடந்ததென்று தெரியாத வீலை அடுத்தவர் ஸ்பிண்டிலில் ஏற்றக் கொடுப்பது பாவம் என்பது அவர் கட்சி. உள்ளே விரிசல் இருந்தால் அந்த வேகத்தில் என்ன நடக்கும் என்று அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

தொண்ணூறு, பிளேஞ்ச் இரண்டும் டிரெஸ்ஸரும் சேர்த்து என்று முடிந்தது. சைன் வைஸைக் கொசுறாகக் கேட்டார். மாமா டீமேக்னடைசரைக் கொடுத்தார். சைன் வைஸ் பிறகு தனியாக ஆறாயிரத்துக்குப் போனது. ஐந்தாயிரம் அட்வான்ஸ், மீதி ஆவணி முதல் புதன், மெஷினை ஏற்றுவதற்கு முன். ஏத்துக்கூலி அவர் பொறுப்பு.

ஏற்றுகிற அன்று ஃபோர்மேன் வரவில்லை, மகன்தான் வந்தான். மாமா அவனை வைத்துக்கொண்டே எல்லாம் செய்தார். வீலைக் கழற்றித் தனியே பெட்டியில். கூலன்ட் தொட்டியும் எண்ணெயும் வடித்தாயிற்று. டேபிள் நகராமல் கட்டி, வீல் ஹெட்டுக்கும் சக்குக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து அண்டை போட்டார்; இல்லாவிட்டால் வழியில் வண்டி குலுங்குகிற குலுக்கில் ஸ்பிண்டில் பேரிங் அடிபடும். கடப்பாரை போட்டு நெம்பி, பைப் உருளைகள் மேல் வாசல்வரை தள்ளி, செயின் பிளாக்கில் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். போய் இறக்கியதும் லெவல் பார்க்காமல் ஓட்டக்கூடாது, புது ஷெட் தரை காய்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்று அவன் வண்டியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று இரவு கணக்குப் போட்டோம். இரண்டு மாத வாடகை 11,000. கரண்ட் பில் ஆயிரத்துச் சொச்சம். வியாபாரி முதல் நாளே கொடுக்க இருந்தது 36,000. வந்தது 90,000. வாடகையும் கரண்டும் போக நாற்பதாயிரத்துக்கு மேல் கூட. அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். "சரி, வாடகை குடுத்தது தப்பில்ல" என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

இப்போது எங்கள் தெருக்களில் பட்டறை மூடுகிறவர்கள் அதிகம். அடிக்கடி யாராவது என்னிடம், பழைய கிரைண்டர் ஒன்று இருக்கிறது, என்ன விலை சொல்லலாம் என்று கேட்கிறார்கள். என்ன மேக், எந்த வருடம், சக் என்ன சைஸ் என்றெல்லாம் அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். நான் இடைமறித்து, "கரண்ட் இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்பேன். இருக்கிறது என்றால் மெஷினில் என்ன குறை என்று கேட்பேன். அதைச் சொல்லத் தயங்கினால், முதலில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விலையைப் பிறகு பேசுவோம் என்பேன். கரண்டை வெட்டி, மெஷினைத் தூக்கி வீட்டில் போட்டாயிற்று என்றால் ஒரு நல்ல வியாபாரியின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். அவர் தராசு சரியாக இருக்கும்.